ஆணி போட்ட பாட்டு

சாத்தான்குளத்தில் என் அக்கா வீட்டு அடுக்களையில், தோசை மாவு கரைக்கிற அலுமினியச் சட்டிக்குள் ஒரு ரிக்கார்டு முங்கிக் கிடந்தது. போன ஆனியாக இருக்கலாம், ஆடியாகவும் இருக்கலாம். செம்மணல் தேரியிலிருந்து காற்று அடித்த அடியில் ஜன்னல் கதவை மூடி வைத்திருந்தோம்.

அக்கா பலகையில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே தரையில். இரண்டு கிழவிகளும் சட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் எவ்வளவு நேரம்ட்டி ஊறணும்? கொண்டக்கடலையே இந்நேரம் ஊறியிருக்கும்" என்றாள் அக்கா.

"சும்மா இருக்கா. அவசரப்பட்டு உரிச்சா அத்தான் பாட்டும் சேந்து உரிஞ்சிரும்."

அத்தான் என்றால் அக்காவின் புருஷன், தங்கராசு. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அவருடைய குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தச் சட்டிக்குள் கிடந்த தட்டின் ஒரு பக்கத்தில் மட்டும்தான். அந்தப் பக்கத்தின் மேல் யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை அழுத்தமாக ஒட்டப்பட்டிருந்தது.

சாத்தான்குளத்துத் தண்ணீர் உப்பு. ரிக்கார்டில் பட்டுக் காய்ந்தால் கோடுகளுக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால் திருநெல்வேலியிலிருந்து ஒரு கேன் நிறைய ஆற்றுத் தண்ணீரை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கண்டக்டர் கேனைப் பார்த்து, "என்னம்மா, காசிக்கா போறிய?" என்று கேட்டான். இந்த ரிக்கார்டுப் பைத்தியம் பிடித்த பிறகு எவன் வேண்டுமானாலும் என்னை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்றாகிவிட்டது.

இதில் பாட்டு வருமா?

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தெரு ரேஷன் கடைக்காரரைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர், "உங்களுக்கு யாரையுமே பிடிக்காதா?" என்று கேட்டிருந்தார். ரிக்கார்டு சேர்க்கிறவர்களிடம் ஒரு மாதம் பழகிவிட்டு வந்து அவர் இதே கேள்வியைக் கேட்கட்டும்.

நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியே காலம் தள்ளியவள். "ஹலோ" என்ற ஒரு சொல்லில் ஆள் யார் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதுக்கு ஓய்வுக் காலத்தில் ஒரு வேலை வேண்டியிருந்தது. டவுன் மார்க்கெட்டில் ஒரு பழைய பிளேயரை வாங்கினேன். அன்று பிடித்தது சனி.

இப்போது என் வீட்டில் பீரோவுக்குள் ரிக்கார்டு இருக்கிறது. பீரோவில் இருக்க வேண்டிய சேலைகள் கட்டிலில் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இதுல இன்னும் பாட்டு வருதா?" வரும் என்று போட்டுக் காட்டினால், பாட்டு தொடங்குவதற்குள் செல்போனை எடுத்து அதே பாட்டைப் போட்டு, "இதுல நல்லா தெளிவா இருக்குல்லா" என்கிறார்கள். அவர்களுக்கு நான் காபி கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் புதிதாக ஒரு காபிக் கடை வந்திருக்கிறது. சுவர் முழுக்க ரிக்கார்டை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். ஒன்றின் நடுவில் கடிகார முள் சுற்றுகிறது. இன்னொன்றில் பிள்ளையார் வரைந்திருக்கிறது. "இது எந்தப் பாட்டு ரிக்கார்டு தம்பி?" என்று கேட்டேன். "பாட்டா? இது டெக்கரேஷன் ஆண்ட்டி" என்றான் கடைப் பையன். காபியும் நன்றாக இல்லை.

சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். அங்கே பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊசியின் எடை, உறையின் ஓரம், தட்டைத் துடைக்கும் துணியின் ரகம், இவைதான் பேச்சு. ரிக்கார்டில் வருகிற ஒலி சூடானது, கணினியில் வருவது குளிர்ந்தது என்று ஒருவர் தினமும் எழுதுவார். சித்திரை மாதம் திருநெல்வேலிக்கு வந்தால் அவருக்குச் சூடு என்றால் என்னவென்று காட்டலாம். ஜன்னலோரம் வைத்த நல்ல தட்டு ஒன்று ஒரே மத்தியானத்தில் அப்பளமாக வளைந்துபோனதற்கு நானே சாட்சி.

இத்தனை பேரையும் ஏன் சகித்துக்கொண்டேன் என்றால், அக்காவுக்காக.

மில் முதலாளியின் கவிதை

ஒருநாள் அக்கா என் வீட்டுக்கு வந்தபோது ஏதோ ஒரு பழைய பாட்டைப் போட்டேன். பாதியில் அவள் முகம் ஒரு மாதிரியாகப் போய்விட்டது.

"ஏட்டி, அவரு பாடுனாருல்லா ஒரு ரிக்கார்டு, அது எங்கயாவது கெடைக்குமா?"

"எதுக்குக்கா?"

"மொகம் படத்துல இருக்கு. கொரலு மறந்துபோச்சு. படுத்துக்கிட்டு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். வரவே மாட்டேங்கு."

காதாலேயே சோறு தின்றவள் நான். ஒரு குரல் மறந்துபோவது என்றால் என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தான் பாடிய கேஸட் ஒன்று வீட்டில் இருந்தது. அதன் மேல் அக்காவின் மருமகன் கிரிக்கெட் வர்ணனையைப் பதிந்து வைத்திருந்தார். அந்த ஆட்டத்தில் நாம் தோற்றோம் என்பது கூடுதல் தகவல்.

அத்தான் ஒரு அரிசி மில்லில் மூட்டை எடை போடுகிறவர். நல்ல மனிதர். உமித் தூசியிலேயே கிடந்ததால் தொண்டையில் எப்போதும் ஒரு கரகரப்பு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்ட மாட்டார், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வாசலில் நின்று இரண்டு தரம் செருமுவார். அக்கா போய்த் தாழ்ப்பாளைத் திறப்பாள். நான் விருந்தாளியாகப் போயிருக்கும்போது அந்தச் செருமலைக் கேட்டு எத்தனையோ தடவை எரிச்சல்பட்டிருக்கிறேன்.

கோயில் கொடைத் திருவிழா என்றால் மேடையேறிப் பாடுவார். அது மில் முதலாளிக்குத் தெரியும். முதலாளி தன்னை ஒரு கவிஞர் என்று நம்பியவர். அரிசி விற்கிறவர்கள் அரிசியோடு நின்றுகொள்ள வேண்டும். இவர் மகள் கல்யாணத்துக்குத் தன் சொந்தப் பாட்டை ரிக்கார்டாகவே போட்டு, மாவட்டத்தில் இருக்கிற மைக் செட்டுக்காரர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பது என்று கிளம்பிவிட்டார்.

முதல் பக்கத்தில் மாப்பிள்ளையை வரவேற்கும் பாட்டு. அதற்கு மெட்ராஸில் ஒரு பாடகியைப் பிடித்தார்கள். அவருக்குக் கொடுத்ததில் கை வறண்டுபோகவே, மறுபக்கத்துக்குத் தன் மில் ஆளையே ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அத்தான் பாடியது, முதலாளியின் செத்துப்போன சம்சாரத்தை நினைத்து முதலாளியே எழுதிய ஒப்பாரி. மகள் கல்யாணத்தைப் பார்க்க அந்த அம்மாள் இல்லையே என்ற துக்கம். துக்கம் நிஜம்தான். தமிழ்தான் சகிக்காது.

ஒரே தட்டில் ஒரு பக்கம் கல்யாணம், மறுபக்கம் சாவு! இப்படி ஒரு காரியத்தை எங்கள் ஊர்ப் பக்கத்து முதலாளியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

ஏன் ஆணி போட்டார்கள்?

முதல் தட்டு திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் ஒரு பழைய மைக் செட்டுக்காரரிடம் கிடைத்தது. ஆசையோடு மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன். ஆணியால் குறுக்கும் நெடுக்கும் ஒரு பெருக்கல் குறி. ஆழமான கீறல்.

"என்ன அண்ணாச்சி, இப்படிக் கீறி வச்சிருக்கிய?"

"ஆணி போடாம என்ன செய்யச் சொல்லுதிய? தாலி கட்டுத நேரத்துல நம்ம பய தண்ணியப் போட்டுட்டு மறுபக்கத்த ஓட விட்டுட்டான்னா? மைக் செட்டோட நம்மளயும் சேத்துக் கெணத்துல எறக்கிருவானுவ!"

அப்புறம்தான் அவர் விளக்கினார். மைக் செட்டுக்காரர்களிடம் இரண்டு பெட்டி உண்டு. ஒன்று கல்யாணப் பெட்டி. மற்றொன்று துட்டிப் பெட்டி, அதாவது சாவு வீட்டுக்குப் போவது. அதில் உள்ளது இதில் கலக்கக் கூடாது. இதில் உள்ளது அதில் கலக்கவே கூடாது. முதலாளியின் தட்டு இரண்டு பெட்டிக்கும் பொருந்தாது. ஒரு பக்கத்தைக் கொன்றால்தான் மறுபக்கம் பிழைக்கும். துட்டி வீட்டுக்கு வேறு பாட்டு நிறைய இருந்தது. மாப்பிள்ளை வரவேற்புக்குத்தான் பாட்டுப் பஞ்சம். ஆகவே அத்தானுக்கு ஆணி.

"இந்தப் பக்கம் நல்ல பாட்டுல்லா!" என்று அவர் மாப்பிள்ளைப் பாட்டைப் போட்டுக் காட்டினார். போட்டுப் போட்டுத் தேய்ந்து, அந்தப் பாடகி மழையில் நனைந்துகொண்டே பாடுவது போல இருந்தது.

இவர்களுடைய சாஸ்திரத்தைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். மங்கலமாம், அமங்கலமாம்! பாட்டா போய்த் தாலியை அறுக்கப்போகிறது? அம்பாசமுத்திரத்தில் கிடைத்த தட்டிலும் ஆணி. ஒரு ஊர் பாக்கியில்லாமல் ஆளாளுக்கு ஆணியை எடுத்துக்கொண்டு என் அத்தானின் தொண்டையைக் கீறி வைத்திருந்தார்கள்.

அண்ணா நகர்க்காரர்

வாட்ஸ்அப் குழுவில் அண்ணா நகர்க்காரர் ஒருவர் அதே தட்டின் படத்தைப் போட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மொத்தமாக மூட்டை கட்டிக் கொண்டுபோனதாம். போனில் பேசினேன்.

"மின்ட் கண்டிஷன் மேடம், புத்தம் புதுசு மாதிரி. சைட் பி-ல லைட்டா ஒரு ஹேர்லைன் இருக்கும், அவ்ளோதான்."

தட்டு கூரியரில் வந்தது. அவர் முடிக்கோடு என்று சொன்னதில் என் கட்டைவிரல் நகம் புதைந்தது. உடனே போன் போட்டேன்.

"அது வந்து மேடம், சைட் பி நான் கேட்டதில்ல."

"சைட் ஏ கேட்டியளா?"

"ஆக்சுவலா நான் எதையுமே போடுறதில்ல மேடம். போட்டா தேய்ஞ்சிடும்."

பாடாத பிளேயர், கேளாத காது, மூவாயிரம் தட்டு! அவர் வீட்டு அலமாரியில் இருப்பதை விட அந்தக் காபிக் கடைச் சுவரில் இருப்பது மேல். அங்கேயாவது பிள்ளையார் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்று அக்காவுக்குப் போன் செய்து, கிடைக்கவில்லை என்று சொன்னேன். "சரி, விடுட்டி. நீ அலையாத" என்றாள். அதைச் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை.

பத்தமடைக் கஞ்சத்தனம்

பத்தமடையில் மைதீன் பாய் என்று ஒரு பழைய மைக் செட்டுக்காரர் இருப்பதாகப் பேட்டைக்காரர்தான் சொன்னார். போனேன். இப்போது அவருக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற தொழில். பழைய பெட்டி பரண் மேல் கிடந்தது. மகனை ஏற்றி இறக்கச் சொன்னார். ஒரு குடும்பத்துக் கரப்பான்களும் கூடவே இறங்கின.

கல்யாணப் பெட்டியில் முதலாளியின் தட்டு இருந்தது. மறுபக்கம் ஆணி இல்லை. பாட்டுக் கோடே தெரியாதபடி ஒரு கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருந்தது.

"நீங்க ஆணி போடலையா பாய்?"

"நான் என்ன கிறுக்கனாம்மா? ஆணி போட்ட தட்டுல தெரியாம ஊசி எறங்குச்சுன்னா ஊசி போச்சு. அப்பம் ஊசி என்ன வெலைங்கிய! பத்திரிகைன்னா வீட்ல மலையாக் கெடக்கும். மைக் செட்டுக்காரனுக்கு வராத பத்திரிகையா? மைதாப் பசையத் தடவி ஒட்டிட்டேன். செலவே இல்ல."

சங்கீதத்தின் மேல் இருந்த மரியாதையால் இல்லை, ஊசி மேல் இருந்த கஞ்சத்தனத்தால் அத்தான் பிழைத்திருந்தார். பிழைத்திருந்தாரா என்பதும் உரித்துப் பார்த்தால்தான் தெரியும். "கொண்டுபோங்க, இத யாரு கேக்கா இப்பம்" என்று தட்டைக் கொடுத்துவிட்டார் பாய். இந்தப் பைத்தியத்தில் நான் சந்தித்தவர்களிலேயே அறிவோடு நடந்துகொண்டவர் அவர்தான். அவருக்கும் பாட்டு பிடிக்காது.

சட்டியில் மிதந்த கல்யாணம்

மைதாப் பசை என்றால் தண்ணீருக்கு இளகும். அப்படித்தான் ஆற்றுத் தண்ணீர்க் கேனும் நானும் சாத்தான்குளம் போய்ச் சேர்ந்தோம். மடியில் என் பிளேயர். தட்டின் நடுவில் லேபிள் நனைந்துவிடுமே என்று அக்கா கவலைப்பட்டாள். லேபிளில் இருந்தது முதலாளியின் படம். நனையட்டும் என்றேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது பத்திரிகை ஓரம் தூக்கியிருந்தது. விரலை வைத்து பையப் பைய நகர்த்தினேன். யாரோ ஒரு மணமகனும் மணமகளும் சட்டியில் மிதந்தார்கள். பத்திரிகை மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் லேசாக இருந்தது. அடியில் தட்டு கறுப்பாக, பளபளவென்று, அச்சாகி வந்த அன்றைக்கு இருந்தது போல இருந்தது. ஊசியே படாத பக்கம்!

துடைத்துக் காயவைத்து பிளேயரில் வைத்தேன். ஓரத்தில் பசை மிச்சம் இருக்குமோ என்ற பயத்தில் ஊசியைச் சற்று உள்ளே தள்ளி இறக்கினேன்.

மாடு கத்தியது. அப்படித்தான் இருந்தது. இழுத்து இழுத்து, கனத்து, ஒரு குரல்.

அக்கா என்னைப் பார்த்தாள். "இது அவரு இல்லட்டி."

"இருக்கா, பாக்கேன்."

"இது அவரு இல்ல. வேற யாரையோ பாட வச்சிருக்கானுவ." எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. அந்த முதலாளியை நம்ப முடியாது.

பிறகுதான் புரிந்தது. பஸ் வெயிலில் பிளேயரின் ரப்பர் பெல்ட் தளர்ந்து, தட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெல்ட்டைக் கழற்றி அடுப்பில் வெந்நீரில் போட்டேன். சூட்டில் அது கொஞ்சம் சுருங்கும். "ரப்பரை வேக வச்சுத் திங்கப் போறியா?" என்று அக்கா கேட்டாள். என் பயம் எனக்கு.

மறுபடி மாட்டி, இந்தத் தடவை ஊசியை ஓரத்திலேயே, தொடக்கத்திலேயே இறக்கினேன். சரசர என்று கொஞ்ச நேரம் ஓடியது. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. செலவை மிச்சம் பிடிக்க முதலாளி மெட்ராஸில் பிடித்த மட்டமான ஸ்டூடியோவில் யாரும் ஒலியை வெட்டிச் சரிசெய்திருக்கவில்லை.

பாட்டுக்கு முன்னால், இரண்டு தரம், ஒரு செருமல்.

அக்கா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். விறுவிறுவென்று முன்வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்து தேரிக்காற்று வீட்டுக்குள் புழுதியோடு அடித்தது. அங்கேயே நின்றாள். என்ன செய்தோம் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்திருக்க வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் பிளேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தட்டில் அத்தான் தன் பாட்டுக்கு முதலாளியின் சம்சாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணத்தில் சுருதியும் கொஞ்சம் கீழே இறங்கியது.

திரும்பி வந்து முழுப் பாட்டையும் கேட்டாள். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒட்டிரு" என்றாள்.

"என்னது?"

"பேத்திக்கு ஆவணியில கல்யாணம். இந்த வீட்ல வச்சு நடக்கு. கல்யாணத்த வச்சுக்கிட்டு வீட்ல ஒப்பாரிய வைக்கலாமா? பத்திரிகைய ஒட்டிரு."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஊர் ஊராக அலைந்து, ஆணி போட்டவனையெல்லாம் திட்டித் தீர்த்து, தண்ணீர் சுமந்து, ரப்பரை வேகவைத்து எடுத்துக் கொடுத்தால், இவளும் அந்தக் கட்சி! வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய் மைதா டப்பாவை எடுத்து வந்தாள். கூடவே புதுப் பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்று. மூலையில் மஞ்சள் தடவியது.

நான்தான் பசை காய்ச்சினேன். நான்தான் கத்திரியால் பத்திரிகையை வட்டமாக வெட்டினேன். பசையைத் தடவப் போகும்போது என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, முழுசும் ஒட்டாத. ஓரத்துல கொஞ்சம் விட்டுரு."

"எவ்வளவு?"

"அந்தச் செருமல் மட்டும் இருக்கட்டும்."

அப்படியே வெட்டி ஒட்டினேன். ஊசியை எங்கே இறக்க வேண்டும், காகிதம் தொடுவதற்குள் எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பிளேயரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இப்போது என் பீரோவில் இருப்பவை போட முடியாத தட்டுகள். நானும் அண்ணா நகர்க்காரரும் ஒன்றாகிவிட்டோம்.

ஒரு வாரம் கழித்து அக்காவுக்குப் போன் போட்டேன். மகள் குடும்பம் இன்னும் வந்து சேரவில்லை. வீட்டில் அவள் மட்டும்தான்.

"போட்டுக் கேட்டியாக்கா?"

"எனக்கு வேற சோலி இல்லையா? கல்யாண வீட்ல ஆயிரம் வேலை கெடக்கு. போன வையி" என்றாள்.

அவள் வைப்பதற்குள், அவளுக்குப் பின்னால் யாரோ இரண்டு தரம் செருமியது என் காதில் விழுந்தது.